நிதி எழுத்தறிவு யாருக்கு இல்லை?

2025 ஜூலையில் பெங்களூரின் பேக்கரிகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவை இருந்த இடத்தில் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று கையால் எழுதிய தாள்கள் வந்தன. கர்நாடக வணிகவரித் துறை 2021-22 முதல் 2024-25 வரையிலான யுபிஐ வரவுகளைத் திரட்டி, ஜிஎஸ்டி பதிவு பெறாத சிறுவணிகர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு அறிவிப்பு அனுப்பியதன் விளைவு அது. வணிகர் சங்கங்கள் ஜூலை 25 அன்று கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தன. 23ஆம் தேதி முதலமைச்சர் சித்தராமையா அவர்களை அழைத்துப் பேசி, பதிவு செய்துகொள்வோரிடம் பழைய நிலுவை வசூலிக்கப்படாது என்று உறுதியளித்தார். போராட்டம் கைவிடப்பட்டது.

செய்தியாக அது அங்கே முடிந்தது. கல்விப்புலத்தில் முடியவில்லை. சிறுவணிகர்களுக்கு ‘நிதி எழுத்தறிவு’ போதவில்லை என்ற பழைய முடிவுக்கு இன்னொரு சான்று கிடைத்துவிட்டதாகவே பலரும் எடுத்துக்கொண்டனர். இந்த முடிவின் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியும். லுசார்டியும் மிட்செலும் 2004இல் அமெரிக்காவின் உடல்நலம்–ஓய்வு குறித்த நெடுங்கால ஆய்வுக்காக வடிவமைத்த மூன்று கேள்விகள்: கூட்டு வட்டி, பணவீக்கம், இடர்ப் பரவலாக்கம். இக்கேள்விகளை மொழிபெயர்த்து, தெருவோர வியாபாரிகளிடம் கொடுத்து, எத்தனை பேர் தவறாக விடையளித்தனர் என்று எண்ணி, இறுதி அத்தியாயத்தில் ‘விழிப்புணர்வு முகாம்கள் நடத்தப்பட வேண்டும்’ என்று பரிந்துரைப்பது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. வாசிப்பவரை அளக்க அளவுகோல் உண்டு. அந்த அறிவிப்பை எழுதியவரை அளக்க ஒன்றும் இல்லை. எழுதியவர் எழுத்தறிவுள்ளவர் என்பது ஆய்வு தொடங்குமுன்பே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிடுகிறது. வாதத்துக்குரியது அந்த ஏற்புதான்.

ஸ்ரீராம்புரத்தை வைத்து இதைப் பார்க்கலாம். மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துக்கு வடமேற்கே, மல்லேஸ்வரம், ராஜாஜிநகர், ஓகளிபுரம் ஆகியவற்றுக்கு இடையில் நெருக்கிக்கொண்டு கிடக்கும் பகுதி. பின்னி, மினர்வா, ராஜா மில் என்று பெங்களூரின் பஞ்சாலைகள் ஓடிய காலத்தில் ஆலைக்கும் கூலிக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடங்களில் ஒன்று. ஆலைகள் போயின. 2014இல் மெட்ரோ நிலையம் வந்தது. வாழ்க்கை தையல், பழைய இரும்பு, பூ, காய்கறி, இட்லி மாவு, பேக்கரி, பெங்களூர்க்காரர்கள் ‘காண்டிமென்ட்ஸ்’ என்று அழைக்கும் பெட்டிக்கடை என்று பல வழிகளில் ஓடுகிறது. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், சரக்கு எடுக்கும் இடத்தில் இந்தியும் தெலுங்கும். நான்கு மொழியில் விலை பேசுபவருக்கு எண் தெரியாது என்று சொல்ல ஆய்வுத் துணிச்சல் வேண்டும்.

இத்தகைய தெருக்களில் ஏலச்சீட்டு புதிதல்ல. 1 லட்சம் ரூபாய்ச் சீட்டு, 20 பேர், மாதம் 5,000 என்று வைத்துக்கொண்டால், ஒருவர் 20,000 தள்ளி எடுக்கும்போது அவர் கைக்கு 80,000 வரும். தள்ளிய 20,000இல் நடத்துபவரின் பங்கு 5,000 போக எஞ்சிய 15,000 இருபது பேருக்கும் பிரியும், ஆளுக்கு 750. அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது 4,250. பூக்கட்டும் பெண்மணி இந்தக் கணக்கைத் தாளின்றிப் போடுவார். இந்த மாதம் தள்ளி எடுப்பதா, கடைசிவரை காத்திருப்பதா என்பதையும் கணிப்பார். அதற்குள் வட்டி விகிதமும் காலமதிப்பும் அடங்கியிருக்கின்றன. ‘கூட்டு வட்டி’ என்ற தலைப்பில் கேட்டால் ஒருவேளை விடை தவறலாம்.

தண்டலுக்கும் இதே கதைதான். 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பது. ஆண்டுக் கணக்கில் போட்டால் வட்டி 75 சதவீதத்தைத் தாண்டும், கொடியது, ஐயமில்லை. ஆனாலும் கடன் வாங்குபவருக்கு இந்த ஒப்பந்தத்தில் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை. எவ்வளவு கைக்கு வரும், தினம் எவ்வளவு போகும், எந்த நாளில் முடியும் என்பது மூன்று வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. வட்டிக்காரர் நல்லவர் என்பதால் இந்தத் தெளிவு வரவில்லை. புரியாவிட்டால் வசூல் நிற்கும் என்பதால் வந்தது. தன் சொல் போய்ச் சேராவிட்டால் தனக்கு நட்டம் என்ற நிலை வந்தால் யாரும் தெளிவாகப் பேசக் கற்றுக்கொள்வார்கள். வரித்துறைக்கும் வங்கிக்கும் கணக்காளருக்கும் அந்த நிலை வருவதே இல்லை. புரியாமை உண்டாக்கும் நட்டம் முழுவதும் எதிர்ப்பக்கத்தில் எழுதப்படுகிறது.

இனி அறிவிப்பின் பின்னணியிலுள்ள விதியைப் பார்க்க வேண்டும். சிக்கல் கற்பனையானதல்ல என்பதை ஒப்புக்கொள்வதற்காகவேனும். பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய், சேவை தருபவருக்கு 20 லட்சம் ரூபாய் மொத்த விற்றுமுதல் தாண்டினால் பதிவு கட்டாயம். கர்நாடகத்தில் இதுவே வரம்பு. பேக்கரியின் கண்ணாடித் தட்டில் அப்போது இருந்தவற்றை எண்ணினால்: ரொட்டிக்கு வரி இல்லை, ரஸ்க்குக்கு 5 சதவீதம், பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் 18 சதவீதம். பால் பாக்கெட்டுக்கு வரி இல்லை. அதே பாலைத் தேநீராக்கிக் கடையில் ஊற்றிக் கொடுத்தால் அது உணவகச் சேவையாகக் கருதப்படலாம். அப்போது வரம்பு 20 லட்சத்துக்கு இறங்கிவிடும்.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. வரிவிலக்குப் பெற்ற பொருளை மட்டுமே விற்பவர் எத்தனை லட்சத்துக்கு விற்றாலும் பதிவு தேவையில்லை. விலக்குள்ள பொருளோடு விலக்கில்லாத பொருளையும் சேர்த்து விற்றால், வரம்பைக் கணக்கிட இரண்டும் கூட்டப்படும். ஆண்டுக்கு 38 லட்சத்துக்குப் பாலும் ரொட்டியும், 3 லட்சத்துக்குப் பிஸ்கட்டும் கேக்கும் விற்கும் ஒரு சில்லறைக் கடை 41 லட்சம் என்று ஆகி வரம்பைத் தாண்டிவிடும். வரி அந்த 3 லட்சத்துக்கு மட்டுமே. அவர் உரிய காலத்தில் இணக்க வரித் திட்டத்தில் சேர்ந்திருந்தால், வரிக்குரிய விற்பனையில் 1 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 3,000 ரூபாயோடு முடிந்திருக்கும். சேராததால், 18 சதவீதக் கணக்கில் அது 54,000 ஆகிறது. அதற்குமேல் வட்டியும் தண்டமும். முன்தேதியிட்டு இணக்கத் திட்டத்தில் சேர வழியில்லை. 3,000க்கும் 54,000க்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் ஒரு தகவல் உரிய நேரத்தில், உரிய சொல்லில் போய்ச் சேராததன் விலை. நான்கு ஆண்டுகளுக்குப் பெருக்கினால் அந்தக் கடையின் குளிர்பெட்டியும் அடுப்பும் அதில் போய்விடும்.

இந்த விதியைக் கடைக்காரருக்கு விளங்கும்படி சொல்ல முடியாதா? அவருடைய மொழியிலேயே அதற்கான சொல் இருக்கிறது என்பதுதான் வேதனை. ‘இன்று வியாபாரம் எவ்வளவு?’ என்று ஒரு கடைக்காரர் இன்னொருவரைக் கேட்டால், கேட்கப்படுவது விற்றுமுதல். ‘கையில் எவ்வளவு நிற்கும்?’ என்றால் லாபம். இரண்டும் வேறு என்பதைப் பட்டயக் கணக்காளர் அவருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. நாளுக்கு 14,000 ரூபாய் விற்கும் பேக்கரியின் ஆண்டு வியாபாரம் 51 லட்சம். கையில் நிற்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமலிருக்கலாம். ‘வருமானம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ஏட்டுத் தமிழில் அது விற்பனை வரவையும் குறிக்கிறது, நிகர ஈட்டத்தையும் குறிக்கிறது. வருமான வரி என்ற தொடரில் அது ஒன்று. ‘வருவாய்’ என்ற துறைச்சொல்லோடு மயங்கும்போது வேறொன்று. ‘விற்றுமுதல்’ பாடநூலில் மட்டும் வாழ்கிறது. ‘உங்கள் கடையின் ஆண்டு வியாபாரம் 40 லட்சத்தைத் தாண்டியதாகத் தெரிகிறது, லாபம் எவ்வளவு என்பது இங்கே கேள்வி அல்ல’ என்று இரண்டே வரியில் தொடங்கும் ஒரு கடிதம், தமிழிலோ கன்னடத்திலோ, ஸ்ரீராம்புரத்தில் யாருக்கும் விளங்கியிருக்கும்.

ஹாவேரியில் காய்கறி விற்கும் ஒருவருக்கு நான்கு ஆண்டுகளில் 1.63 கோடி ரூபாய் வரவு காட்டி, 29 லட்சம் வரி கேட்டு அறிவிப்பு வந்த செய்தி அந்நாட்களில் நாடெங்கும் பேசப்பட்டது. பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது. யுபிஐ வரவுக்கு, அது கத்தரிக்காய்க்கு வந்ததா, மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்றா, சீட்டுப் பணமா என்று தெரியாது. வங்கிக் கணக்குக்குள் நுழைந்த எண்ணெல்லாம் விற்பனை என்று கொள்ளப்பட்டது. இதைத் ‘தரவு சார்ந்த நிர்வாகம்’ என்று பாராட்டும் கட்டுரைகள் இனி வரக்கூடும்.

துறையின் சார்பில் சொல்லப்பட்ட விளக்கம் ஒன்று உண்டு: அவை இறுதி ஆணைகள் அல்ல, விளக்கம் கேட்கும் கடிதங்களே, வணிகர்கள் ஆவணங்களோடு பதில் அளித்திருக்கலாம். இருக்கட்டும். ஒரு கேள்வியை ஆயிரக்கணக்கானோர் தீர்ப்பு என்று படித்திருக்கிறார்கள் என்றால், அந்த ஆயிரம் பேரும் ஒரே விதமாகத் தவறினார்கள் என்று கொள்வதா, அல்லது எழுதிய ஒரு கை தவறியது என்று கொள்வதா? புள்ளியியல் பயின்ற எவரும் இரண்டாவதையே முதலில் ஐயுற வேண்டும். தேர்வில் வகுப்பு முழுவதும் ஒரே வினாவில் தோற்றால் வினாத்தாளைத் திருத்துவார்கள். வரி அறிவிப்பில் மட்டும் வகுப்பைத் திருத்தக் கிளம்புகிறார்கள். ஜிஎஸ்டி பற்றிய விழிப்புணர்வுக் கூட்டங்கள் அறிவிப்புகள் பதற்றமூட்டிய பிறகு முனைப்புடன் நடந்தன என்ற வரிசையும் கவனிக்கத்தக்கது.

அரசை மட்டும் குற்றம் சாட்டி நிறுத்துவது எளிது. அது நேர்மையாகாது. இந்த இருள் கடைக்குள்ளேயே தொடங்குகிறது. இத்தகைய கடைகளில் பல அண்ணன் தம்பியோ மாமன் மைத்துனனோ பங்காளிகளாக இருந்து நடத்துபவை. எழுத்தில் ஒப்பந்தம் இருப்பது அரிது. க்யூஆர் அட்டை ஒருவருடைய வங்கிக் கணக்கில் இருக்கும். அறிவிப்பும் அவர் பெயருக்கே வரும். மற்ற பங்காளிக்கு நான்கு ஆண்டுகளில் அந்தக் கணக்கில் எவ்வளவு வந்தது என்பது தெரியாது. மாத இறுதியில் வீட்டுச் செலவுக்கு என்று ஒரு தொகை கைக்கு வரும், அவ்வளவே. ‘கணக்கு கேட்கிறாயா?’ என்ற சொல் நம் குடும்பங்களில் ஒரு வசையாக வழங்குவதை எண்ணிப் பார்க்கலாம். கேட்பவர் ஐயப்படுகிறார் என்று பொருள். கேட்காமலிருப்பது உறவின் அடையாளம். ஆகவே அறிவிப்பு வந்த நாளில்தான் பங்காளிகள் இருவரும் முதன்முறையாகத் தம் கடையின் ஆண்டு வியாபாரத்தைத் தெரிந்துகொள்கிறார்கள், அதுவும் வரித்துறையின் வாயிலாக.

1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், ஒன்பதாம் பிரிவில், உண்மையான கணக்கையும் தொழிலைப் பாதிக்கும் எல்லாவற்றையும் பற்றிய முழுத் தகவலையும் ஒருவருக்கொருவர் தரக் கூட்டாளிகளைக் கடமைப்படுத்துகிறது. பன்னிரண்டாம் பிரிவு ஏடுகளைப் பார்க்கவும் படியெடுக்கவும் உரிமை தருகிறது. உண்மை உண்டு, முழுமை உண்டு. தெளிவு என்ற சொல் சட்டத்தில் இல்லை. ஏடுகள் ஒரு கணினிக் கோப்பாகக் கணக்கு எழுதுபவரின் அலுவலகத்தில் இருக்க, பார்க்கும் உரிமை மட்டும் பங்காளியிடம் இருக்கிறது.

அந்தக் கணக்கு எழுதுபவரை, அவர் பட்டயக் கணக்காளராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், தெரு ‘ஆடிட்டர்’ என்றே அழைக்கிறது. அவர் வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்புவார். இன்ன தேதிக்குள் இவ்வளவு கட்டுங்கள் என்று ஒரு வரி சேர்ப்பார். ஏன் என்று கேட்டால், ‘அது உங்களுக்குப் புரியாது, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பார். அவரிடம் முழுப் பழியையும் போடுவதும் முறையல்ல. மாதக் கூலியாக அவருக்குக் கிடைக்கும் சிறு தொகைக்கு நூறு கடைகளின் படிவங்களை நிரப்ப வேண்டியிருக்கிறது. அவர் பயின்ற பாடத்திட்டத்தில் கணக்கு ஆயத்தம் செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள்; அதை இன்னொரு மனிதருக்கு விளக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இங்கேதான் கல்விப்புலம் குற்றவாளிக் கூண்டுக்கு வருகிறது. பன்னாட்டுக் கணக்கியல் தரங்களின் கருத்தியல் சட்டகம் நிதித் தகவலுக்கு இரண்டு அடிப்படைப் பண்புகளை வைக்கிறது: பொருத்தப்பாடு, உண்மையான சித்திரிப்பு. ‘விளங்கத்தக்க தன்மை’ அடிப்படைப் பண்புகளில் இல்லை. ஒப்பிடத்தக்க தன்மை, சரிபார்க்கத்தக்க தன்மை, காலத்தோடு கிடைத்தல் ஆகியவற்றோடு சேர்த்து அதை மேம்படுத்தும் பண்பு என்று பின்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கேயும் ஒரு காப்புவிதி: அறிக்கைகள் வணிகத்திலும் பொருளாதாரத்திலும் தக்க அறிவுடைய, ஊன்றிப் படிக்கும் பயனருக்காக ஆயத்தம் செய்யப்படுபவை. பெரிய நிறுவனங்களின் பங்குதாரரை மனத்தில் வைத்து எழுதிய இந்த வரி, வணிகவியல் வகுப்புகளில் மனப்பாடமாகி, நாளடைவில் ஒரு மனப்பான்மையாக இறங்கிவிட்டது. புரியவில்லையா, நீ தக்க அறிவுடைய பயனர் அல்லை. கணக்கியலின் ஒழுக்கநெறியில் இதைவிட வசதியான ஒரு வரி எழுதப்பட்டதில்லை.

மாற்று வழி தெரியாமலில்லை. 1998இல் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் எளிய ஆங்கிலத்தில் நிதி ஆவணம் எழுதுவதற்கான கையேடு வெளியிட்டபோது, அதற்கு முன்னுரை எழுதிய வாரன் பஃபெட், தாம் ஆண்டறிக்கை எழுதும்போது தம் சகோதரிகள் இருவரை மனத்தில் வைத்து எழுதுவதாகச் சொன்னார்: அறிவாளிகள், ஆனால் கணக்கியல் வல்லுநர்கள் அல்லர். அவர் கற்பனை செய்த வாசகரிடம் குறை ஏதும் இல்லை என்பதே அந்த உத்தியின் அடிப்படை.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். இதே பெங்களூரின் இன்ஃபோசிஸ், 1999இல் நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்ட காலத்தையொட்டி, பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான் உள்ளிட்ட நாடுகளின் கணக்கியல் முறைப்படியும் அந்நாட்டு மொழிகளிலும் தன் நிதிநிலையை வெளியிட்டுப் பெயர் பெற்றது. மேலாண்மைப் பள்ளிகள் இன்றும் அதை நல்லாளுகைக்கு எடுத்துக்காட்டாகப் பாடம் நடத்துகின்றன. நியாயம்தான். டோக்கியோவின் முதலீட்டாளருக்கு ஜப்பானிய மொழியில் கணக்குச் சொல்வதை ‘வெளிப்படைத்தன்மை’ என்று போற்றும் இதே துறையினர், ஸ்ரீராம்புரத்துப் பேக்கரிக்காரருக்கு அவர் மொழியில் கணக்குச் சொல்ல வேண்டும் என்றால் அதை ‘எளிமைப்படுத்தல்’ என்று தாழ்வாகப் பேசுவதற்குக் காரணம் என்ன? ஒருவர் விலகிப் போய்விடக் கூடியவர், மற்றவர் எங்கும் போக முடியாதவர் என்பதைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை.

தமிழ் வணிக மரபிலும் இந்தப் பாகுபாடு உண்டு. மரபைப் புகழ்வதோடு நின்றுவிடக் கூடாது. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் கிட்டங்கிகளை நடத்திய மேலாட்கள் பொதுவாக மூன்றாண்டுத் தவணையில் போய்வந்தனர். ஊரிலிருந்த முதலாளிக்குக் கணக்கு எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தனர். கடல் கடந்த தொழில் அந்தத் தாள்களின் தெளிவில் நின்றது. வரவு, பற்று, பேரேடு, ஐந்தொகை என்ற சொற்கள் பெட்டியடிப் பையன் முதல் முதலாளி வரை ஒரே பொருளில் வழங்கின. பாடநூல் பின்னாளில் ‘இருப்புநிலைக் குறிப்பு’ என்று புதிதாய் ஆக்கிக்கொண்டபோது, வழக்கிலிருந்த ஐந்தொகையைத் துறந்தது. ஆனால் அந்தத் தெளிவு கூட்டாளிகளுக்குள் மட்டுமே நிலவியது. கடன்பட்ட பர்மியக் குடியானவருக்கு அந்த ஏட்டில் என்ன எழுதியிருந்தது என்பது விளங்கியிருக்க வாய்ப்பில்லை. 1930களின் பெருமந்தத்தில் கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்களின் கைக்கு வந்தபோது, இழந்தவரும் பெற்றவரும் விரும்பாத ஒரு முடிவாக அது இருந்தது. அதன் அரசியல் விலையை இருதரப்பும் கொடுத்தன.

தெளிவின்மை எப்போதும் திறமைக் குறைவால் வருவதில்லை என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஃபெங் லீ 2008இல் வெளியிட்ட கட்டுரை, அமெரிக்க நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை ஃபாக் குறியீட்டால் அளந்து, லாபம் குறைந்த நிறுவனங்களின் அறிக்கைகள் படிக்கக் கடினமாக இருப்பதைக் காட்டியது. சொல்ல விரும்பாததைச் சொல்லியே ஆக வேண்டியவர் நீண்ட வாக்கியத்தில் ஒளிகிறார். அக்குறியீட்டைத் தமிழுக்கோ கன்னடத்துக்கோ அப்படியே கொண்டுவர முடியாது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அசையுள்ள சொல்லைக் கடினச் சொல் என்று அது எண்ணுகிறது. வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டும் மொழிகளில் ‘கடைக்காரர்களுக்கு’ என்ற சொல்லே அந்த எல்லையை எங்கோ தாண்டிவிடும். அப்படியானால் நம் மொழிகளில் எழுதப்படும் வங்கிப் படிவம், வரி அறிவிப்பு, சீட்டு ஒப்பந்தம் ஆகியவற்றின் வாசிப்புக் கடினத்தை அளக்க வேறொரு முறை வேண்டும். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடி அலைபவர்கள் மீண்டும் ஒருமுறை லைக்கர்ட் அளவுகோலோடு தெருவில் இறங்குமுன் இதை எண்ணலாம்.

சுமையை எழுதுபவர்மீது மாற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பவர்களுக்கு இந்திய ரிசர்வ் வங்கியே விடையளித்துவிட்டது. 2024 ஏப்ரல் 15ஆம் நாள் சுற்றறிக்கையின்படி, அதே ஆண்டு அக்டோபர் முதல், தனிநபர்களுக்கும் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கும் தரப்படும் தவணைக் கடன்களுக்கு, முதன்மைத் தகவல்களை ஒரு நிலையான படிவத்தில், கடன் பெறுபவருக்கு விளங்கும் மொழியில் தர வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு விகிதத்தை அதில் காட்ட வேண்டும். இதன் பயன் சிறிதல்ல. 10,000 ரூபாயை ‘12 சதவீத நிலை வட்டி’ என்று கொடுத்து, மாதம் 933 வீதம் 12 மாதம் வாங்கினால், குறைந்துவரும் அசலின்மீது கணக்கிடும்போது உண்மை விகிதம் 21 சதவீதத்தைத் தாண்டும். முன்பு ‘12’ என்ற எண் மட்டும் காதில் விழும். இப்போது 21 என்ற எண் தாளில் இருக்க வேண்டும். விதி எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பது தனி வினா. கையொப்பத்துக்காகப் பக்கம் புரட்டும் வேகத்தில் எந்தத் தாளும் தோற்கும். ஆயினும் விளங்கச் சொல்வது கடன் கொடுப்பவரின் கடமை என்ற கோட்பாடு இந்நாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. கடனுக்குப் பொருந்தும் கோட்பாடு வரிக்கும் கூட்டாளிக் கணக்குக்கும் பொருந்தாமற் போக ஏது இல்லை.

வணிகர்கள் அனைவரும் அறியாமையால்தான் பதிவு செய்யாமலிருந்தார்கள் என்று வாதிடுவது பொய்யாகும். தெரிந்தே வரம்புக்குக் கீழே காட்டியவர்கள் உண்டு. மூன்று பெயரில் மூன்று க்யூஆர் வைத்திருந்தவர்களும் உண்டு. கலங்கிய தகவல் இவர்களுக்கே மிகப் பெரிய புகலிடம். எல்லோருக்கும் விதி தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தால், தெரிந்து ஏய்த்தவரையும் தெரியாமல் தவறியவரையும் பிரித்திருக்கலாம். சொல்லப்படாததால் பிரிக்க இயலவில்லை; நிலுவைத் தள்ளுபடி இருவருக்கும் ஒன்றாகவே கிடைத்தது. வரி ஏய்ப்பை வெறுப்பவர்கள் தெளிவான அறிவிப்புக்காக முதலில் குரல் கொடுத்திருக்க வேண்டும்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து மல்லேஸ்வரத்துக் கல்லூரிகளுக்கு நடந்தே போய்விடலாம். அங்கும், தமிழ்நாட்டின் ஒவ்வொரு வணிகவியல் துறையிலும், இறுதியாண்டு மாணவருக்கு ஒரு செய்முறைத் தேர்வு வைக்கலாம். பங்காளிகள் இருவர் நடத்தும் ஒரு சிறுகடையின் ஓராண்டு வங்கிப் பதிவையும் சரக்குச் சீட்டுகளையும் அவர்கள் ஒப்புதலோடு பெற்று, கடைக்கு அந்த ஆண்டு எப்படிப் போயிற்று என்பதை ஒரே பக்கத்தில், அவர்கள் பேசும் மொழியில் மாணவர் எழுத வேண்டும். கடையின் பணத்தையும் வீட்டின் பணத்தையும் பிரித்துக் காட்ட வேண்டும். லாபம் இருந்தும் கல்லாவில் பணம் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும். கடனுக்குக் கொடுத்தது, சரக்காக நிற்பது, தவணைக்குப் போனது என்று. யார் மதிப்பிடுவது என்று தேர்வுக் கட்டுப்பாட்டாளர்கள் கேட்பார்கள். க்யூஆர் யார் பெயரில் இல்லையோ அந்தப் பங்காளி மதிப்பிடட்டும். பக்கத்தை அவர் படித்து முடித்ததும் மூன்று கேள்விகள்: ஆண்டு வியாபாரம் எவ்வளவு, அதில் அவர் பங்குக்கு நிற்பது எவ்வளவு, அரசுக்கு எப்போது எவ்வளவு கட்ட வேண்டும். அவருக்கு விடை தெரியாவிட்டால் மாணவர் மீண்டும் எழுதிக்கொண்டு வர வேண்டும்.